கதிருக்குக் கண் வேண்டாமா?



சென்ற மாதம் பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில், நமக்கு வெகு நாளாய்ப் பழக்கமுள்ள ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு விவாதம் இன்னும் நம் மனதை விட்டு அகலவில்லை. ஆதலால் அதை இங்கு எழுதுகின்றோம். அவருடைய பேர் இங்கு அவசியமில்லை. வயது அறுபதுக்கு மேல். ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும் அதில் கிடைக்கும் வரும்படியுந்தான் ஆஸ்தி. நாற்பது வருஷம் பீடி குடித்தவர். ஆறு மாதமாய் இருமல். முதல் இரண்டு மாதம் கஷாயம். பிறகு யாரோ காசம் என்று சொன்னதை நம்பி, சளியைக்கூடச் சோதித்துப் பாராமல் மாத்திரை. கடைசியில் சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் எக்ஸ்ரேயும், ஸ்கேனும், ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்ப்பதும் நடந்து, வலது நுரையீரலின் கீழ்ப்பாகத்தில் புற்றுக்கட்டி என்று ஏற்பட்டது. நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளுக்கும் அது பரவி விட்டதால் அறுத்தெடுப்பதில் பயனில்லை என்றும், கதிர் வைத்தியமும் மருந்துமே வழி என்றும் டாக்டர்கள் சொல்லி விட்டார்கள்.

நாம் போன சமயம் திண்ணையில் மூன்று கட்சி இருந்தது. நோயாளியின் மனைவியார், "அண்ணா, முதல்ல மலைக்குப் போய் முடி எறக்கிட்டு வந்துரட்டும், அப்புறம் எந்த ஆஸ்பத்திரின்னாலும் போகட்டும்" என்றார். எதிர் வீட்டுப் பெரியவர், "விதி முடிஞ்சிருந்தா எந்த டாக்டர் என்ன பண்ணுவான்?" என்றார். மூன்றாவது கட்சி அவருடைய மகன். அவர் நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர், பகுத்தறிவுக்காரர். அவர் கைத்தொலைபேசியை நம் முன் நீட்டி, "மாமா, மெட்ராசிலே புரோட்டான் மிஷின் இருக்குதுங்க. குறி தப்பாதாமுங்க. தோப்பை வித்துப் போட்டு அங்கேயே கொண்டு போயிரலாமுங்களா?" என்று கேட்டார்.

முதலிரண்டு கட்சிக்கும் பதில் சொல்வதில் நமக்குச் சிரமமில்லை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கின்றோம். மூன்றாவது கட்சிதான் நம்மைத் திடுக்கிட வைத்தது. ஏனெனில், "குறி தப்பாது" என்பதை அந்தப் பிள்ளை எந்தக் குரலில் சொன்னாரோ, அதே குரலில்தான் அவர் தாயார் "மலைக்குப் போனால் சரியாகும்" என்று சொன்னார். இருவரும் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டுச் சொன்னார்கள். இதை நாம் எடுத்துச் சொன்னவுடன் பிள்ளைக்குக் கோபம் வந்து விட்டது. "விபூதியும் விஞ்ஞானமும் ஒண்ணா, மாமா?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகவே இக்கட்டுரை.

முதலில் புரோட்டான் என்றால் என்னவென்று பார்ப்போம். ஜலவாயு என்று நம் முன்னோர் மொழிபெயர்த்த ஹைட்ரஜனின் அணுவிலிருந்து எலெக்டிரானைக் கழற்றி விட்டால் மிஞ்சுகின்ற கருவே புரோட்டான். அதை ஒரு பெரிய சக்கர இயந்திரத்திலிட்டு, மின்சாரத்தாலும் காந்தத்தாலும் சுழற்றிச் சுழற்றி, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு வேகம் வரும்படி செய்து, நோயாளியின் உடம்பிலுள்ள கட்டிக்குள் செலுத்துகிறார்கள். சாதாரணமாய்க் கதிர் வைத்தியத்தில் உபயோகிப்பது எக்ஸ்ரே வகைக் கதிர். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். எக்ஸ்ரே, தோலைத் தாண்டிச் சில அங்குலத்திற்குள்ளேயே தன் பலத்தில் பெரும்பங்கை இறக்கத் தொடங்கி, கட்டியையும் சுட்டு, கட்டிக்குப் பின்னாலிருக்கும் நல்ல சதையையும் சுட்டுக் கொண்டு, முதுகுப் பக்கமாய் வெளியே போய் விடும். புரோட்டானோ, போகும் வழியில் கொஞ்சமாய்ச் செலவழித்து, நிற்கப் போகிற இடத்தில் மொத்தத்தையும் கொட்டி விட்டு, அங்கேயே நின்று விடும். அதற்கப்பால் போகாது. கூலி வாங்கியவன் சந்தைக்கு வரும் வழியில் காலணா அரையணாவாய்ச் செலவழித்து, சந்தைக்குள் வந்ததும் மடியிலிருப்பதை எல்லாம் கொட்டி விட்டு, மேற்கொண்டு பஸ்ஸுக்குக் காசில்லாமல் நிற்பானே, அதைப் போல என்று வைத்துக் கொள்ளலாம்.

வேகத்தைக் கூட்டினால் ஆழமாய்ப் போகும். குறைத்தால் மேலாக நிற்கும். ஆகையால் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை மனிதன் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். இந்த யோசனையை 1946-ல் வெளியிட்டவர் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் அதற்குச் சற்று முன்பு வரை அணுகுண்டு செய்யும் வேலையிலிருந்தவர். ஒரு நகரத்தையே அழிக்கக் கற்றுக் கொண்ட மூளை, ஒரு கட்டியை மட்டும் அழிப்பது எப்படி என்று அடுத்த வருஷமே யோசித்தது. 1954-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் முதல் மனிதனுக்கு இவ்வைத்தியம் செய்யப்பட்டது. அதே கலிபோர்னியாவில் லோமா லிண்டா என்னும் ஊரில் 1990-ல் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த பெரிய புரோட்டான் நிலையம் ஏற்பட்டது. நம் நாட்டில் சென்னைத் தரமணியில் அப்பல்லோ ஆஸ்பத்திரியார் 2019-ல் திறந்ததே முதலாவது. நவி மும்பையைச் சேர்ந்த கார்கரில் டாட்டா நினைவு மையத்தாருடைய நிலையம் 2023-ல் வேலை தொடங்கியது.

இதுவரைக்கும் கேட்டால் பிள்ளை சொன்னது சரி என்றே தோன்றும். தோப்பென்ன, வீட்டையும் சேர்த்து விற்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு சங்கதி பாக்கியிருக்கின்றது. அது மூச்சு.

மூளையிலுள்ள கட்டி மண்டை ஓட்டுக்குள் அசையாமல் இருக்கின்றது. கண்ணிலுள்ளதை, கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தச் சொல்லி நிறுத்தலாம். நுரையீரலிலுள்ள கட்டியை என்ன செய்வது? மனிதன் நிமிஷத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது தடவை மூச்சு விடுகின்றான். ஒவ்வொரு மூச்சுக்கும் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்னும் சதைத் திரை இறங்கி ஏறுகின்றது. அதோடு நுரையீரலும், நுரையீரலோடு கட்டியும் இறங்கி ஏறுகின்றன. மேல் நுரையீரலிலிருந்தால் அசைவு சொற்பம். நம் தோழருக்கு இருப்பதைப் போல் கீழ்ப்பாகத்தில் இருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும், சிலருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேலுங்கூட அசையும். கட்டியே எலுமிச்சம்பழ அளவுதான் என்றால், இரண்டு சென்டிமீட்டர் என்பது சின்ன விஷயமா?

இங்கு நம் நாட்டுப் பெருமையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனிதன் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு விடுகின்றான் என்று நம் சித்தர்களும் யோகிகளும் கணக்குச் சொன்னதை எடுத்துக் காட்டி, "பார்த்தாயா, எங்களுக்கு எல்லாம் முன்பே தெரியும்" என்று மார் தட்டுகிறவர்கள் உண்டு. நிமிஷத்துக்குப் பதினைந்து வீதம் கணக்குப் போட்டால் 21,600 வருவது வாஸ்தவந்தான். கணக்கில் குற்றமில்லை. அவர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள் என்பதற்காக அவர்களை நாம் மெச்சவும் செய்கின்றோம். ஆனால் எண்ணி முடித்த பிறகு நடந்தது என்ன? மூச்சைக் குறைத்தால் ஆயுள் நீளும் என்றும், பிறவி அறும் என்றும் வியாக்கியானம் செய்யப் போய் விட்டார்களேயொழிய, அந்த மூச்சில் ஈரல் எவ்வளவு இறங்குகிறது, நெஞ்செலும்பு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. எண்ணுகிற வேலையோடு நின்றது. அளக்கிற வேலைக்குப் போகவில்லை. அது போகட்டும்.

மூச்சால் கட்டி அசைவது எக்ஸ்ரேக்கும் தொந்தரவுதான். ஆனால் புரோட்டானுக்கு அது இரட்டைத் தொந்தரவு. எப்படியெனில், புரோட்டான் எங்கே நிற்கும் என்பது அது கடந்து போகும் பொருளின் கனத்தைப் பொறுத்தது. கட்டியின் கனம் ஏறக்குறையத் தண்ணீரின் கனம். நுரையீரலோ காற்று நிறைந்த பஞ்சு. அதன் கனம் தண்ணீரில் மூன்றிலோ நான்கிலோ ஒரு பங்குதான். ஆகவே கட்டி இருக்கிறது என்று நினைத்துக் கதிரை அனுப்பும்போது, கட்டி மூச்சோடு கீழே இறங்கிப் போயிருந்தால், கட்டியில் ஒரு சென்டிமீட்டர் போய் நிற்க வேண்டிய புரோட்டான், பஞ்சில் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஓடும். அங்கே இருப்பது என்ன? இருதயம் இருக்கலாம், உணவுக்குழல் இருக்கலாம், தண்டுவடம் இருக்கலாம். எக்ஸ்ரேயில் குறி தப்பினால் விளிம்பில் கொஞ்சம் குறையும். புரோட்டானில் குறி தப்பினால் கொட்ட வேண்டியதை வேறொருவன் வீட்டில் கொட்டி விடும். "நிற்கிற இடத்தில் நிற்கும்" என்ற அதே பெருமைதான், நிற்கும் இடம் தெரியாத போது அதன் பெரிய அபாயமாகவும் ஆகின்றது.

இன்னொன்றும் உண்டு. இக்காலத்துப் புரோட்டான் இயந்திரம் கட்டி முழுவதையும் ஒரே வீச்சில் சுடுவதில்லை. பென்சில் முனை போன்ற மெல்லிய கதிரைக் கொண்டு, புள்ளி புள்ளியாய், அடுக்கு அடுக்காய், கோலப் புள்ளி வைப்பது போல் வைத்துக் கொண்டே போகும். தரை அசையாவிட்டால் கோலம் அழகாய் வரும். ஆடுகிற ஊஞ்சல் பலகையில் கோலம் போடச் சொன்னால்? சில புள்ளி இரண்டு தடவை ஒரே இடத்தில் விழும். சில இடத்தில் புள்ளியே விழாது. கட்டிக்குள் புள்ளி விழாத இடமிருந்தால், நோய் பிழைத்துக் கொள்கிற இடம் அதுதான்.

இதை முதலில் கண்டு பிடித்துச் சொன்னது யார்? புரோட்டானுக்கு எதிரிகளா? இல்லை. புரோட்டான் வைத்தியம் செய்கிற டாக்டர்களும் அவர்களோடிருக்கும் பௌதிகக்காரர்களுந்தான் தங்கள் கருவியின் குற்றத்தைத் தாங்களே பத்திரிகைகளில் எழுதி, உலகம் முழுவதும் படிக்கும்படி அச்சிட்டார்கள். எந்தத் தல புராணத்திலாவது, "இன்ன வியாதி இந்தச் சந்நிதியில் சரியாகாது, காற்றடிக்கும் நாளில் எங்கள் சாமிக்குக் குறி தப்பும்" என்று எழுதியிருக்கக் கண்டதுண்டா? விபூதியும் விஞ்ஞானமும் ஒன்றா என்று கேட்ட பிள்ளைக்கு நாம் சொன்ன பதில் இதுதான். ஒன்றல்ல, ஆனால் விஞ்ஞானம் தன் குற்றத்தைத் தானே சொல்லும்போது அதைக் கேட்காமல், விளம்பரத்தை மட்டும் கேட்டு வந்தால், நம் கையில் அது விபூதியாகி விடும்.

நிற்க. குற்றத்தைக் கண்டவர்கள் சும்மா இருந்தார்களா? கதிருக்குக் கண் வைக்கும் வேலையில் இறங்கினார்கள். அதைத்தான் வாசகர்கள் சற்று விவரமாய்த் தெரிந்து கொள்ள வேண்டுமென்று ஆசைப்படுகின்றோம்.

சாதாரண சி.டி. ஸ்கேன் என்பது உடம்பைப் பலகாரம் நறுக்குவது போல் துண்டு துண்டாய்ப் படம் பிடிப்பது. இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்டு என்பவர் கண்ட அக்கருவி 1971-ல் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. ஆனால் மூச்சு விடுகிற மனிதனின் நெஞ்சை அப்படி ஒரு படம் எடுத்தால், ஆடுகிற குழந்தையைப் போட்டோ எடுத்தது போல் கலங்கி விடும். கட்டி இருக்கிற அளவை விடப் பெரிதாயோ சிறிதாயோ தெரியும். இதற்காக இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாலு பரிமாண ஸ்கேன் என்று ஒன்று வந்தது. நாலாவது பரிமாணம் காலம். நோயாளியின் வயிற்றின் மேல் ஒரு சிறு பெட்டியையோ பெல்ட்டையோ வைத்து, அது ஏறி இறங்குவதைக் குறித்துக் கொண்டே, நெஞ்சின் ஒவ்வொரு துண்டையும் பல தடவை படம் பிடிக்கின்றார்கள். பிறகு மூச்சு முழுவதும் இழுத்தபோது எடுத்தவை ஒரு கட்டு, பாதி விட்டபோது எடுத்தவை ஒரு கட்டு என்று வழக்கமாய்ப் பத்துக் கட்டாகப் பிரித்து அடுக்குகின்றார்கள். அடுக்கி ஓட விட்டால் சினிமாப் படம் போல் கட்டி ஏறி இறங்குவது பிரத்தியட்சமாய்த் தெரிகின்றது.

ஆனால் அதுவும் போதாது. ஏனெனில் அந்தச் சினிமா ஒரு நாளைக்கு எடுத்தது. வைத்தியமோ ஆறு ஏழு வாரம் நடப்பது. முதல் நாள் பயத்தில் வேகமாய் மூச்சு விட்டவர் பத்தாம் நாள் தூங்குகிறவர் போல் மெதுவாய் விடுவார். நடுவில் இருமுவார். மெலிந்து போவார். மருந்தில் கட்டி சுருங்கும். அடைபட்டிருந்த நுரையீரல் திறந்து கொள்ளும். அப்போது பழைய கணக்கு தவறாகி விடும். ஆகையால் நடுநடுவே மறுபடியும் ஸ்கேன் எடுத்துக் கணக்கைத் திருத்த வேண்டும். தினமும் மேஜையில் படுக்க வைத்த பிறகு படம் பிடித்து, நேற்றிருந்த இடத்தில் இன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கதிர் ஓடிக் கொண்டிருக்கும் சமயத்திலேயே பார்ப்பதற்கும் வழி உண்டு. ஜப்பானில் ஹொக்கைடோ சர்வகலாசாலை டாக்டர்கள், கட்டிக்குப் பக்கத்தில் கடுகளவு தங்க மணியை வைத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் எக்ஸ்ரேயால் அதை நொடிக்கு நொடி பார்த்து, மணி குறித்த இடத்துக்கு வந்தால் மட்டும் கதிரைத் திறப்பதும், விலகினால் மூடுவதுமாகச் செய்தார்கள். முதலில் எக்ஸ்ரே வைத்தியத்தில் செய்த இதையே 2014 முதல் புரோட்டானிலும் செய்து வருகிறார்கள். (தங்கத்தைத் தாலியிலும் சாமியின் கிரீடத்திலும் கட்டித் தொங்க விட்டு ஒரு வியாதியும் தீராமலிருந்த நமக்கு, கடுகளவு தங்கம் இப்படி ஒரு வேலை செய்வது வேடிக்கையாய்த்தான் இருக்கும்.) சில இடங்களில் எக்ஸ்ரே இல்லாமல், உடம்பின் மேல்பாகத்தைக் காமிராவால் பார்த்து மூச்சைக் கணக்கிடுகின்றார்கள். இது நோவில்லாதது, ஆனால் தோல் அசைவது தெரியுமேயொழிய உள்ளே கட்டி அசைவது நேராய்த் தெரியாது. வயிறு ஏறுவதற்கும் கட்டி ஏறுவதற்கும் எப்போதும் பொருத்தம் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. காந்தப் படமாகிய எம்.ஆர்.ஐ.யில் கதிர்ச்சூடு இல்லாமல் கட்டியையே ஓடும் படமாய்ப் பார்க்கலாம். ஆனால் அந்தக் காந்தம் புரோட்டானின் வழியையே வளைத்து விடும். அந்த வளைவையும் கணக்கிட்டு இரண்டையும் ஒன்று சேர்க்கும் இயந்திரத்தை ஜெர்மனியிலுள்ள டிரெஸ்டன் நகரத்தில் 2024-ல் அமைத்து ஆராய்ந்து வருகிறார்கள்.

இவ்வளவும் இல்லாமல் ஒரு எளிய வழியும் உண்டு. மூச்சை அடக்குவது! நோயாளி ஆழமாய் மூச்சை இழுத்து இருபது வினாடி போல அடக்கினால் கட்டி நிற்கும். அந்த நேரத்தில் கதிரை விடுவார்கள். மூச்சை விட்டதும் கதிரை நிறுத்துவார்கள். மறுபடி அடக்குவார், மறுபடி விடுவார்கள். அடக்க முடியாதவர்களுக்கு வயிற்றைப் பெல்ட்டால் லேசாய் அழுத்தி அசைவைக் குறைப்பதுண்டு. ஒரே கோலத்தைப் பல தடவை திரும்பத் திரும்பப் போட்டு, விடுபட்ட புள்ளிகளைச் சராசரியில் நிரப்புவதும் உண்டு.

இதெல்லாம் நம்மூர்க்காரர்களுக்குப் புதிய தத்துவமா? பழனி மலைக்குப் போகிறவர்களுக்காக 1966 முதல் இழுவை ரயிலும் 2004 முதல் ரோப் காரும் ஓடுகின்றன. அந்த ரோப் கார் தினமும் சிறிது நேரம் சோதனைக்காக நிறுத்தப்படுகின்றது. வருஷத்தில் ஒரு மாத அளவு முழுதும் நிறுத்திக் கம்பியையும் சக்கரத்தையும் பரிசோதிக்கின்றார்கள். காற்று பலமாய் அடித்துப் பெட்டி ஆடினால் உடனே நிறுத்தி விட்டு, காற்று அடங்கிய பிறகு ஓட்டுகின்றார்கள். சாமியைப் பார்க்கப் போகிற பெட்டிதானே, சாமியே பார்த்துக் கொள்ள மாட்டாரா என்று தேவஸ்தானத்தார் விட்டு விடுவதில்லை. அது புத்திசாலித்தனந்தான். பெட்டி ஆடும்போது நிறுத்து, நின்ற பிறகு ஓட்டு என்பதே, கட்டி ஆடும்போது கதிரை நிறுத்து, குறியில் நின்ற பிறகு விடு என்பதும். அம்மலையடிவாரத்தில் பிறந்த ஜனங்களுக்கு இதைப் புரிய வைக்கச் சீமையிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. இதைச் சொன்னவுடன் எதிர்வீட்டுப் பெரியவர், "காத்தடிச்சா நிறுத்தறது எனக்குத் தெரியும்; நான் ஒருக்கா நடுவுல மாட்டிக்கிட்டேன்" என்று ஒப்புக் கொண்டார். அப்போது விதி என்று சும்மா உட்கார்ந்திருந்தாரா, சத்தம் போட்டாரா என்று கேட்டதற்கு மட்டும் பதில் வரவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இவ்வளவு கண்ணும் கருத்துமாய்ச் செய்தால் நுரையீரல் புற்றுக்குப் புரோட்டான், எக்ஸ்ரேயை விட மேலானதுதானா? இந்தக் கேள்வியை வாயால் பேசித் தீர்க்காமல், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரியாரும் மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர்களும் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். நம் தோழருக்கு இருப்பதைப் போல் நெஞ்சுக்குள் பரவிய நோயுள்ள 149 பேரை, யாருக்கு எது என்பதைத் தங்கள் விருப்பப்படி வைக்காமல் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு நவீன எக்ஸ்ரேக் கதிரும் மற்றொரு சாராருக்குப் புரோட்டானும் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. இருதயத்திற்குப் போன கதிர் புரோட்டானில் குறைவாயிருந்தது. ஆனால் நுரையீரல் வெந்து வீங்கும் தொல்லையிலும், நோய் அதே இடத்தில் திரும்புவதிலும், புரோட்டானால் அனுகூலம் ஒன்றும் காணப்படவில்லை. பரீட்சையின் பிற்பாதியில் சேர்ந்தவர்களுக்கு முற்பாதியில் சேர்ந்தவர்களை விடப் பலன் நன்றாயிருந்தது. அதாவது கை பழகப் பழகப் பிழை குறைந்தது. அப்பரீட்சையில் உபயோகித்தது பழைய முறைப் புரோட்டான்; இப்போதுள்ள பென்சில் முறை அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகின்றோம். ஆனாலும் புதியது என்பதாலேயே அது மேல் என்று ஒப்புக் கொள்ள முடியுமா? அதையும் குலுக்கிப் பிரித்துப் பார்த்த பிறகுதானே சொல்ல வேண்டும்?

குழந்தைகளின் கட்டிகள், மண்டையோட்டின் அடித்தளத்துக் கட்டிகள், கண்ணிலுள்ள சில கட்டிகள் இவைகளுக்குப் புரோட்டானின் மதிப்பைப் பெரும்பாலோர் ஒப்புக் கொண்டிருக்கின்றார்கள். வளரும் குழந்தையின் மூளையில் ஒரு விரற்கடை நல்ல சதை தப்பினாலும் அது அறுபது வருஷ வாழ்வுக்கு லாபம். நுரையீரலில் அப்படி எல்லோருக்கும் பொதுவாய்ச் சொல்ல முடியாது. சிலருக்கு, முன்பே ஒரு தடவை கதிர் பட்டவர்களுக்கோ, கட்டி இருதயத்தையோ தண்டுவடத்தையோ ஒட்டியிருப்பவர்களுக்கோ, அது உதவலாம். அது கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது. செலவோ சாதாரணக் கதிர் வைத்தியத்தைப் போல் பல மடங்கு.

ஆகவே பிள்ளையிடம் நாம் சொன்னோம்: "மாப்பிள்ளை, என்ன மிஷின் என்று முதலில் கேட்காதே. எங்கப்பன் கட்டி மூச்சுக்கு எவ்வளவு அசைகிறது, அதை அளந்தீர்களா, நாலு பரிமாண ஸ்கேன் எடுத்தீர்களா, தினமும் படம் பிடித்துப் பார்ப்பீர்களா, கட்டி விலகினால் கதிரை எது நிறுத்தும் என்று கேள். கண்ணுள்ள எக்ஸ்ரே, கண்ணில்லாத புரோட்டானை விட எவ்வளவோ மேல். பிறகு, இன்னாருடைய கட்டிக்கு எக்ஸ்ரேயில் இருதயத்துக்கு எவ்வளவு போகும், புரோட்டானில் எவ்வளவு போகும் என்று இரண்டையும் பக்கம் பக்கமாய் வைத்துக் காட்டச் சொல். காட்டினால் யோசி. காட்டாமல் பேரை மட்டும் சொன்னால் எழுந்து வா" என்று. மதுரை அரசாங்க ராஜாஜி ஆஸ்பத்திரியில் கதிர் வைத்தியம் உண்டு என்பதும், முதலமைச்சர் பேரிலுள்ள காப்பீட்டுத் திட்டத்தில் கதிர் வைத்தியத்திற்கு உதவி உண்டு என்பதும் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. சென்னை விளம்பரம் மட்டும் தெரிந்திருந்தது! இதற்கு யாரை நோவது?

சென்னை அடையாற்றிலுள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பற்றியும் அவர்களுக்குச் சொன்னோம். அதை 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஏற்படுத்தியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டதற்காக நம் வாசகர்கள் அவரை அறிவார்கள். தன் தங்கை புற்றுநோயால் சாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். அப்போது அதைப் பூர்வ கர்மம் என்று சொல்லிச் சமாதானம் சொல்ல எத்தனை பேர் வந்திருப்பார்கள்! அதைக் கேட்டுக் கொண்டிருந்திருந்தால் அடையாற்றில் இன்று ஆஸ்பத்திரி ஏது? பணமில்லாதவனுக்கும் அங்கே வைத்தியம் உண்டு என்பதை நம் கிராமத்து ஜனங்கள் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

மலைக்குப் போவதைப் பற்றி அம்மையாரிடம் நாம் தர்க்கம் செய்யவில்லை. "தங்கச்சி, ஆறு மாதம் ஏற்கனவே போய் விட்டது. ஸ்கேனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாள் தவறாமல் போய் வரட்டும், முடி எங்கேயும் ஓடிப் போகாது" என்று மட்டும் சொன்னோம். மருந்து ஏறினால் முடி தானாகவே இறங்கினாலும் இறங்கும் என்று நோயாளியே சொல்லிச் சிரித்தார். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றாலும், சளியில் இரத்தம் கண்டாலும், பீடி குடிக்கிறவனோ குடியாதவனோ, உடனே எக்ஸ்ரேயும் சளிச் சோதனையும் செய்ய வேண்டும் என்று அவரே இப்போது திண்ணைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கின்றார்.

தோப்பு விற்கப்படவில்லை. நாலு பரிமாண ஸ்கேன் எடுத்தாகி விட்டது. அந்த ஓடும் படத்தை மகன் நேரில் பார்த்திருக்கின்றார். "மாமா, அது மீன் மாதிரி மேலேயும் கீழேயும் போகுதுங்க, இதைப் பாக்காம எப்படிச் சுடறது?" என்று நமக்குச் சொல்லி அனுப்பியிருக்கின்றார். சாதாரண எக்ஸ்ரேக் கதிரே, மூச்சை அடக்கும் முறையில், போதுமென்று டாக்டர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கின்றார்கள். அதற்காகப் பெரியவர் தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து மூச்சை இழுத்து அடக்கிப் பழகுகின்றார். அம்மையார் கடிகாரத்தைப் பிடித்துக் கொண்டு எண்ணுகின்றார். பீடியை நிறுத்தி ஐந்து வாரமாயிற்று. இருபது வினாடி வேண்டுமாம். நேற்று வந்த செய்திப்படி பதினெட்டு வரைக்கும் வந்திருக்கின்றது.